மூன்றில் இரண்டு மாப்பிள்ளை

கோவில்பட்டி
18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு மணிராஜ் எழுதுவது.

எல்லாரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு மிட்டாய்ச் சட்டியில் கை சுட்டுவிட்டது, மற்றபடி சுகம்.

இப்போது செய்தி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது! பெண் எட்டயபுரம், பெயர் இசக்கிசெல்வி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போனபோது நம் பட்டறைக் கடலை மிட்டாயைத்தான் கொண்டுபோனோம். ஒன்றைக் கடித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், "பாகை வெரசா எறக்கிட்டீயளோ?" என்றாள். அன்று காலையில் அவசரப்பட்டு இறக்கியது நான்தான். பஸ்ஸில் திரும்பும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கட்டினால் இவளைத்தான் என்று.

முகூர்த்தம் தை இருபத்தெட்டு. அதாவது பிப்ரவரி பத்து.

அடுத்ததைக் கோபப்படாமல் படி. உன் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நீ வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். தாலியில் முதல் முடிச்சை நான் போடுவேன். கூடப்பிறந்தவள் போட வேண்டிய மற்ற இரண்டையும் சித்தி மகள் ஆவுடைத்தாய் போடட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன்.

நீ கேட்ட கடலை மிட்டாய்ப் பார்சல் ஜெர்மன் சுங்கத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த சீட்டை, தூத்துக்குடி ஜெர்மன் தூதரகக் கிளையில் எழுத்தராக இருக்கும் சாம்ராஜ் அண்ணாச்சி படித்துச் சொன்னார். "பொருள் இன்னதென்று அறிய இயலவில்லை. துளையிடும் கருவி முறிந்தது" என்று எழுதியிருக்கிறதாம். எண்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பா முழுவதையும் ஜெயித்தவர்களுக்கு ஒரு கடலை மிட்டாயை ஜெயிக்க முடியவில்லை பார்.

இசக்கிசெல்வி உன்னை வீடியோவில் பார்க்க வேண்டும் என்கிறாள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில், உன் ஊருக்கு மட்டும் தபால், அதுவும் கவரை ஒட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு ஆறவே இல்லை.

உன் தம்பி
மணிராஜ்


பிரெமன்
9 செப்டம்பர் 2024

ஏலே மணி,

கடிதத்தை மில் வாசலிலேயே நின்று படித்தேன். "கல்யாணம்" என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டான். பாகுப் பதத்தைப் பல்லாலேயே கண்டுபிடிக்கிறவள் உனக்குக் கிடைத்தது உன் நல்ல காலம். அவளுக்கு என் முத்தம்.

சந்தோஷம் இதோடு முடிந்தது. இனி சண்டை.

ஆவுடைத்தாயா? அவள் கட்டின ஆடு எது ராத்திரி கொட்டிலில் நின்றிருக்கிறது? அறுவடைக்குப் போன இடத்தில் அவள் கட்டின சோளக் கட்டு தலையிலேயே அவிழ்ந்து ரோடு முழுக்கச் சிதறியதே, மறந்துவிட்டாயா? அவளிடம் போய் உன் தாலியைக் கொடுக்கிறாயே!

பெண் பார்க்க வந்த ஏழு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு இங்கே வந்தவள் நான். எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தம்பி கல்யாணத்தில் முடிச்சுப் போட வேண்டாம் என்று சொன்னேனா? "அந்த நாட்டுக்குப் போகாதே" என்று சண்டை பிடித்தாய், நான் கேட்கவில்லை. அதற்காக ரயிலேற்றிவிடக்கூட வராதவன் நீ. அதையாவது மன்னித்தேன். இதை மன்னிக்க மாட்டேன்.

எனக்கு அழுகையாக வருகிறது மணி. நீ பிறந்தபோது என் மடியில்தான் முதலில் கிடத்தினார்கள். அந்த இரண்டு முடிச்சும் என்னுடையவை.

இங்கே விடுப்பு இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று, பெற்றவர்கள் சாவு. இன்னொன்று, சொந்தக் கல்யாணம். அதுவும் பேருக்குத்தான். வெளிநாட்டுக்காரர்களில் மணமாகாதவர்களை மட்டுமே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். போன மாதம் பாக்தாத்காரி ஒருத்தி ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள், வேலை போயிற்று.

மில்லில் நம் கரிசல் பஞ்சுதான் ஓடுகிறது. அமெரிக்காக்காரன் இவர்களுக்குப் பஞ்சு தராத வரை நம் ஊருக்கு வாழ்வு. பஞ்சுப் பேல் பிரிக்கும்போது சில நேரம் நம் மண் ஒரு கட்டி உள்ளே இருக்கும். யாருக்கும் தெரியாமல் எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

நாங்கள் ஆறு பெண்கள் தங்கியிருப்பது ஒரு பழைய வீடு. வாசல்நிலையில், உள்ளே நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்தில் சாய்வாக ஒரு தழும்பு இருக்கிறது. எதையோ ஆணியடித்து வைத்திருந்து அப்புறம் பிடுங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ■■■■■■■■■■■■■■■■■■

உன் கடிதத்தில் "ஐரோப்பா முழுவதையும் ஜெயித்தவர்களுக்கு" என்பது வரை இருக்கிறது. அதற்கப்புறம் கறுப்பு மை. ஜெயித்தவர்களுக்கு என்னவாம்? எதுவானாலும் சரி, எழுதும்போது வாயைக் கொஞ்சம் கட்டு.

கோபமாக,
செல்வமாரி


கோவில்பட்டி
6 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "ஏலே, நான் செத்துட்டேன்னு எழுதிப் போடுலே" என்றாள்.

"என்னம்மா பேசுத?"

"நெசமாவா சாவச் சொல்லுதாவ? அவ வந்து எறங்கினதும் எந்திரிச்சுட்டேன்னு சொல்லிக்கிடலாம். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

சித்திக்கும் இந்த யோசனை பிடித்துவிட்டது. எந்த நாள் சாகலாம் என்று இரண்டு பேரும் காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டார்கள். எனக்கோ அம்மாவைச் சாகடித்து எழுதக் கை வரவில்லை. "பெத்தவ ஆசைப்பட்டுக் கேட்டும் செய்யாத புள்ள" என்று இன்னும் முனகிக்கொண்டிருக்கிறாள்.

உண்மையையே சொல்லிக் கேட்போம் என்று தூத்துக்குடிக்குப் போனேன். சாம்ராஜ் அண்ணாச்சி என்னை உள்ளே அதிகாரி வெண்ட்லரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஒல்லியான மனிதர். மேஜையில் பென்சில்களை உயரவாரியாக அடுக்கியிருந்தார். தம்பி கல்யாணத்துக்கு விடுப்பு கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் எழுந்திருக்காமல், அக்கா முடிச்சுப் போட வேண்டும் என்று திரும்பவும் சொன்னேன்.

அவர் ஏதோ கேட்டார். அண்ணாச்சி என்னிடம், "மொத்தம் எத்தனை முடிச்சு, யாரு யாரு போடுததுன்னு கேக்காரு" என்றார்.

"மூணு சார். மொதல்ல ஒண்ணு நான். மத்த ரெண்டும் அக்கா."

"ஒண்ணோட நிப்பாட்டினா என்ன ஆவும்னு கேக்காரு."

"அவுந்துரும் சார்."

"அப்பம் கல்யாணம்?"

"தாலி அவுந்தா அப்புறம் என்ன கல்யாணம்?"

வேறு யாராவது போடக் கூடாதா என்று கேட்டார். சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள், ஆனால் அவள் கட்டினால் நிற்காது என்று சொல்லி, ஆட்டுக் கதையையும் சோளக் கதையையும் உள்ளபடியே சொன்னேன். அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

அப்புறம் நடந்ததை நீ நம்ப மாட்டாய். ஃபைல் கட்டும் நாடாவை எடுத்து என் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொன்னார். மேஜை விளக்குதான் மணப்பெண். அதன் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் இழுத்தார், அவிழ்ந்துவிட்டது. திரும்பவும் நான் ஒன்று போட, அண்ணாச்சி உன் இடத்தில் நின்று இரண்டு போட்டார். அதிகாரி இழுத்தார். முடிச்சு நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். விளக்கு குப்புற விழுந்ததே தவிர முடிச்சு அசையவில்லை.

அவர் வெகுநேரம் எதையோ எழுதினார். எழுதியது என்ன என்று கேட்டதற்கு அண்ணாச்சி, "நீ பேசாம ஊருக்குப் போ. மழ வருததுக்குள்ள விதைக்கிற வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். மழை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது, ஒரு செருப்பை வயலிலேயே விட்டுவிட்டேன். பருத்தி விதைத்தாயிற்று.

ஆவுடைத்தாயிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் புதுச் சேலை எடுத்துவிட்டாள்.

மணி


பிரெமன்
28 அக்டோபர் 2024

மணி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னாலேயே மில் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், சுவரில் முழுக்க ஜெர்மனியின் ஒரே நிறம் பூசின ஐரோப்பா வரைபடம். ஜன்னலில் வைத்திருந்த மண்கட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அவர்கள் கேட்டது, "உங்கள் முடிச்சுகளுக்கு முன்னால் அந்தத் திருமணம் முடிந்ததாகுமா?" என்று.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ தூத்துக்குடிக்குப் போனதே தெரியாதே! ஆனால் உன் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. "எப்படி ஆகும்? நான் போடாமல் அது என்ன கல்யாணம்!" என்று கத்திவிட்டேன். மூன்று பேரும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருக்கிறோம் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தேன். மேஜை விளக்குக் கதையைப் பக்கத்துக் கட்டில் கெய்ரோப் பெண்ணுக்குச் சொன்னேன், அவளும் சிரித்தாள்.

சாம்ராஜ் அண்ணாச்சிக்கு நல்ல நாத்தனார் கை என்று சொல்.

ஆவுடைத்தாய் சேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கட்டும். கையைக் கட்டிக்கொண்டு.

அக்கா


கோவில்பட்டி
1 டிசம்பர் 2024

அக்கா,

உத்தரவு வந்துவிட்டது! வெள்ளிக்கிழமை சாம்ராஜ் அண்ணாச்சியே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது நாள் விடுப்பு, விமானச் சீட்டோடு. அம்மா தெருவில் நின்று குலவை போட்டாள். பட்டறையில் ஒரு சட்டிப் பாகு கருகிவிட்டது, ஒருத்தரும் கவலைப்படவில்லை.

ஆனால் அதில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது. படிக்கிறேன் கேள்:

"விடுப்புக்குக் காரணம்: சொந்தத் திருமணம். மணமகள்: இசக்கிசெல்வி. மணமகன்: மணிராஜ், மூன்றில் ஒரு பங்கு. செல்வமாரி, மூன்றில் இரண்டு பங்கு. பெரும்பங்கு உள்ளவர் நேரில் இருப்பது கட்டாயம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இசக்கிசெல்வியிடம் எப்படிக் காட்டுவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் காட்டினேன். அவள் சத்தம் போட்டுப் படித்தாள். "கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றாள். அப்புறம், "ரெண்டு பங்குக்காரவியதான் எனக்கு முக்கியம், அவிய எப்பம் வாராவ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

அவளுக்கு விளையாட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. நடுவழியில் யாராவது இதைப் பார்த்துத் தப்பு என்று சொல்லி உன்னை இறக்கிவிட்டால்? நீ மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளைக்கு அக்கா என்று விளக்கி, திருத்தித் தரும்படி மனு எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாச்சியிடம் காட்டினேன். நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஒங்க அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுடே" என்றார். அதனால்தான் கேட்கிறேன். கொடுக்கட்டுமா?

முப்பது நாள் கழித்து நீ திரும்பிப் போக வேண்டும் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் குலவை போட்ட வேகத்தைப் பார்த்தால் சொல்ல மனசு வரவில்லை.

மூன்றில் ஒரு பங்கு
மணி


பிரெமன்
20 டிசம்பர் 2024

மணி,

மனுவை அடுப்பில் போடு. உடனே. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்னால்.

இந்த நாட்டு அலுவலகங்கள் எதையும் நன்றாக ஆராய்ந்துதான் முடிவு செய்யும். விளக்கையே கவிழ்த்துப் பார்த்து எழுதின கணக்கு அது. அதைத் திருத்த நீ யார், நான் யார்? அவர்கள் சொன்னால் நான் மாப்பிள்ளைதான். ஏழு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினவள் எட்டாவதாக நானே மாப்பிள்ளையாகி வாரேன். பேனாவைத் தொடாதே. தாலி கட்டுகிற வரை எதற்கும் கையெழுத்துப் போடாதே.

கல்யாணம் முடிந்ததும் பதிவுச் சான்றிதழைத் தூதரகத்தில் கொடுக்க வேண்டுமாம். விடுப்பு உண்மையானதுதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை மறக்காதே, மறுநாளே கொடுத்துவிடு. அதில் மட்டும் சுணங்காதே.

பெட்டி கட்டியாகிவிட்டது. மண்கட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பளிக் கோட்டைக் கெய்ரோப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். மார்ச்சில் திரும்பும்போது அங்கே குளிருமே என்று கேட்காதே. எதையும் கேட்காதே. கேட்பதையெல்லாம் நேரில் கேள்.

அம்மாவிடம் முப்பது நாள் என்று சொல்ல வேண்டாம். நல்ல காரியத்துக்கு முன்னால் அழ வைக்காதே.

பிப்ரவரி மூன்றாம் தேதி பம்பாயிலிருந்து ரயில் ஏறுகிறேன். இந்தத் தடவையாவது ஸ்டேஷனுக்கு வா.

அக்கா


கோவில்பட்டி
21 பிப்ரவரி 2025

ஏலே மணி,

மறுவீட்டுக்குப் போனவன் பத்து நாளாக எட்டயபுரத்திலேயே இருக்கிறாய். மாமியார் கைச் சாப்பாடு அவ்வளவு ருசியா? பட்டறையில் பாகு கிண்டிக்கொண்டிருப்பது நான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு எழுதி எழுதிப் பழகிவிட்டது. தவிர, இந்தச் செய்தியைக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று ஆசை.

நேற்று சாம்ராஜ் அண்ணாச்சி வந்தார். கையில் வெண்ட்லர் ஐயா கையெழுத்துப் போட்ட கடிதம். படிக்கிறேன் கேள்:

"தங்கள் திருமணம் முறைப்படி நிறைவேறியது என்பதைச் சான்றிதழ் மூலம் அறிந்தோம். மணமாகாதவர்களுக்கு மட்டுமே உரிய ஒப்பந்தம் இத்துடன் ரத்தாகிறது. தாங்கள் திரும்பி வருதல் கூடாது. மணவாழ்க்கை சிறக்க வாழ்த்துகள்."

கூடாதாம் மணி! கம்பளிக் கோட்டைக் கொடுத்துவிட்டு வந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? நீ மட்டும் அந்த மனுவைக் கொடுத்திருந்தால் நான் இன்றைக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன். அம்மா அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அப்பம் நான் சாவாமலே காரியம் முடிஞ்சிட்டு" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அண்ணாச்சி பாவம், எங்களைப் பார்த்துக்கொண்டே மிட்டாயைத் தின்று தீர்த்தார்.

இவ்வளவு நாள் எழுத முடியாத ஒன்றை எழுதுகிறேன். அந்த வாசல்நிலைத் தழும்பு. கிழவர் என்னிடம் சொன்னது இதுதான்: அந்த வீட்டில் யூதக் குடும்பம் ஒன்று இருந்தது, தங்கள் சாமியின் வாசகத்தைச் சிறு கூட்டில் வைத்து வாசலில் பதிப்பது அவர்கள் வழக்கம், ஓர் இரவில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், யாரும் திரும்பவில்லை. அவர் அப்போது சின்னப் பையன். ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். அந்தப் பேர்களை உச்சரிக்கவே அங்கே ஆள் இல்லை. மூன்று வருஷமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதை ஒரு தடவை தொடுவேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? போகாதே என்று நீ சண்டை போட்டது சரிதான்.

ஊருக்கு வந்த பிறகும் நம் வாசலில் கை தானாக அந்த இடத்துக்குப் போகிறது. அம்மா பார்த்துவிட்டாள். "என்னட்டி தடவுத அங்கன?" என்றாள். சொன்னேன். உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து, நிலையில் அந்த உயரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "அவிய பேரு தெரியாட்டா என்ன, இங்கன இருக்கட்டும்" என்றாள். நீ வரும்போது பார், கூடுதலாக ஒரு பொட்டு இருக்கும். அழிக்காதே.

நம் மண்கட்டியை வயலில் கொண்டுபோய்ப் போட்டேன். பருத்தி வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு விஷயத்தை உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. தாலி கட்டும்போது, பெரிய கூட்டமாகக் குலவை போட்டார்களே, அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டோடு நிறுத்தவில்லை, மூன்றாவதாக இன்னொன்றும் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆவுடைத்தாய் மட்டும் பார்த்துவிட்டாள். ஆக மொத்தம் நான்கு. இசக்கிசெல்வியிடம் கணக்குப் போடச் சொல். இப்போது நீ கால் மாப்பிள்ளைதான்.

அன்றைக்கு ரயிலேற்றிவிட வராதவன், இந்தத் தடவை மதுரைக்கே வந்து என் பெட்டியில் ஏறிக்கொண்டாய். "கறுப்பு மைக்குள் இருந்தது இதுதான், அவர்களால் ஜெயிக்க முடியாதது" என்று கையில் கடலை மிட்டாயை வைத்தாய். கோவில்பட்டி வருகிற வரை இரண்டு பேரும் கடித்துக்கொண்டே வந்தோம், ஞாபகமிருக்கிறதா? எனக்கு இன்னும் பல் வலிக்கிறது.

கவரை மடித்ததும் பழக்கத்தில் திறந்தபடியே பையில் போடப் போனேன். அப்புறம் சிரித்துவிட்டேன். இதோ, எச்சில் தொட்டு நன்றாக அழுத்தி ஒட்டுகிறேன். நீதான் முதல் ஆள். கிழித்துப் படி.

அக்கா